ஆளுக்கு ஒரு கல்

அந்தமானுக்குப் போகிறேன் என்றதும் கல்லூரியில் உடன் வேலை பார்ப்பவர்கள் "கொடுத்து வைத்தவள்" என்று பெருமூச்சு விட்டார்கள். கடலுக்கடியில் மீன் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னாள் என் தங்கை. நான் பையில் வைத்ததும் கண்ணாடிதான்: நுண்ணோக்கியில் செருகும் மெல்லிய துண்டுகள், இரண்டு டப்பா. கூடவே ஒரு சுத்தியல், பாறையின் சாய்வு பார்க்கும் திசைகாட்டி, அளவு நாடா, சிவப்புப் பெயிண்ட். சேலத்தில் சுரங்கப் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெட்டிய பாறை நிற்குமா விழுமா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. இந்த முறை பாறை ஏற்கெனவே விழுந்திருந்தது. அதன் அடியில் ஒரு மனிதர் இருந்தார்.

அவர் பெயர் சூசை. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் சிப்பிகாட் என்ற ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கல்குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவர். பத்து நாட்களுக்கு முன் ஒரு காலையில் மேலடுக்கு மொத்தமாகச் சரிந்து அவரையும் அவருடைய துளைக் கருவியையும் மூடிவிட்டது. மறுநாள் ஜேசிபி வைத்துத் தோண்டியபோது இன்னொரு சரிவு வந்தது. ஓட்டியவர் குதித்து ஓடித் தப்பினார். அதோடு அதிகாரிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தோண்டலாமா கூடாதா என்று சொல்ல ஆள் கேட்டு எங்கள் கல்லூரிக்கு எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போர்ட் பிளேரில் இறங்கினேன். குவாரியை நடத்தும் செல்வராஜ் வெளியே காத்திருந்தார். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்ட காண்டிராக்டர். என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் தேடினார்.

"சார் பின்னாடி வாராகளா மேடம்?"

"சார் யாரும் இல்லை. நான்தான்."

"சரிங்க மேடம், சரிங்க," என்று என் பையை வாங்கிக்கொண்டார். சுத்தியலின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார்.

வழியெல்லாம் கடல் ஒரு பக்கம் எட்டி எட்டிப் பார்த்தது. எல்லோரும் சொன்ன நிறம்தான், குறையே இல்லை. ஆனால் என் கண் மறுபக்கம் சாலையோர வெட்டிலேயே இருந்தது. அங்கே மணற்கல் ஓர் அடுக்கு, களிமண் இறுகிய மெல்லிய களிப்பாறை ஓர் அடுக்கு என்று மாறி மாறிப் படிந்திருந்தன. மணற்கல் முரடு, தன் பாட்டுக்கு நிற்கும். களிப்பாறை நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். எங்கள் ஏற்காட்டுப் பாறை இப்படி அடுக்கடுக்காகப் பிரியாது. அதை வெட்டிப் பழகிய ஆள் இங்கே வந்து வெட்டினால் தப்புக் கணக்குப் போடுவான் என்று தோன்றியது.

தங்க இடம் புரோத்ராபூரில். ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. சேலத்தில் அந்த நேரம் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்போம். பக்கத்து மெஸ்ஸில் பூரியும் பட்டாணிக் குருமாவும் கிடைத்தன. குருமாவில் லேசாகச் சர்க்கரை. அடுத்த மேஜையில் இருவர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். "மெயின்லேண்டிலிருந்து பெரிய இன்ஜினியர் வந்தாச்சாம். நாளைக்கே சூசையை வெளியே எடுத்துவிடுவார்கள்," என்றார் ஒருவர். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை காலை குவாரிக்குப் போனோம். வெட்டு முகம் ஐந்து மாடி உயரம் இருக்கும். கீழிருந்து மேல்வரை ஒரே செங்குத்து. இடையில் படி எதுவும் விடவில்லை. பாறை அடுக்குகள் குவாரியை நோக்கியே சாய்ந்திருந்தன. அதாவது, விழுவதற்கு அதற்கு ஒரு சாக்குப் போதும். மழை அந்தச் சாக்கைக் கொடுத்திருக்கிறது. சரிந்த கல்லும் மண்ணும் வெட்டின் அடியில் பெரிய குவியலாகக் கிடந்தன. குவியலின் ஓரத்தில் ஜேசிபி தோண்டிய பள்ளம் இன்னும் அப்படியே இருந்தது.

"படி விட்டு வெட்டணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று செல்வராஜைக் கேட்டேன்.

"சொன்னாக மேடம்."

"அப்புறம்?"

அவர் வெட்டு முகத்தை விட்டுக் கேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. விசாரணை வேறு ஆட்கள் வேலை, நான் வந்த வேலை வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே ஏறினேன்.

மேலே பாக்குத் தோட்டம். வெட்டின் விளிம்பிலிருந்து பத்தடி உள்ளே, காய்ந்த மட்டைகளுக்கு அடியில் அது இருந்தது. தரையில் ஒரு வெடிப்பு, என் கை நுழையும் அகலம், நாற்பது அடி நீளம். அதற்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட பாறை முழுவதும் மலையிலிருந்து விட்டுப்போய், கீழே கிடக்கும் குவியலின்மேல் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தது. சூசையை மூடிய குவியல்தான் அந்தப் பாறையைத் தாங்கிக்கொண்டிருந்தது. குவியலைத் தோண்டினால் மேலே நிற்பது இறங்கும். கீழே, குவாரித் தரையின் மறுபுறம், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குவாரித் தொழிலாளர்களின் பன்னிரண்டு வீடுகள் வரிசையாக இருந்தன. துணி காய்ந்துகொண்டிருந்தது.

வெடிப்பின் குறுக்கே ஐந்து இடங்களில் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டு வைத்து ஒட்டினேன். பாறை மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். இரு கரையிலும் சிவப்புப் புள்ளி வைத்து இடைவெளியை நாடாவால் அளந்து எழுதிக்கொண்டேன். செலவு குறைந்த பழைய முறை. நான் இன்றும் நம்புவது இதைத்தான்.

இறங்கி வந்தபோது கேட்டருகே ஒரு பெண் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியிருக்காது. "சூசை வீட்டுக்காரம்மா, பிலோமினா," என்று செல்வராஜ் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு விலகி நின்றுகொண்டார். அவர்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்கள். வண்டூரில் வீடு, பிலோமினாவுக்கு மீன் வியாபாரம். பத்து நாளாகத் தினமும் முதல் பஸ்ஸில் வந்து இங்கே உட்காருகிறாராம். தூக்குச்சட்டி மூடியில் டீ ஊற்றி எனக்கு நீட்டினார். இஞ்சி தூக்கலாக இருந்தது.

"எப்ப எடுப்பியக்கா?" என்றார்.

"இன்னும் பார்க்கணும்மா. பார்த்துத்தான் சொல்ல முடியும்."

"வியாழக்கிழமைக்குள்ள எடுத்துருங்க. எம் பொண்ணு கப்பல்ல வாரா. பாளையங்கோட்டைல நர்சிங் படிக்கா." கொஞ்சம் நிறுத்தினார். "பரீட்சை முடியட்டும்னு மொதல்ல சொல்லல. பொறவு சொன்னப்ப, அப்பாவ ஆஸ்பத்திரில ஐஸ்ல வச்சிருக்காவ, நீ வந்தாத்தான் அடக்கம்னு சொல்லிட்டேன். மண்ணுக்குள்ள கெடக்காவன்னு போன்ல எப்பிடிச் சொல்லுவேன்? அவ மூணு நாளு கடல்ல தனியா வரணுமில்லா."

டீயைக் குடித்து மூடியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று மதியமே ஒரு தாளில் எழுதிச் செல்வராஜிடம் கொடுத்தேன். "மறு உத்தரவு வரும்வரை சரிவுப் பகுதியில் எந்த இயந்திரமும் பயன்படுத்தக் கூடாது." சுருக்கமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருப்பதாக எனக்கே கொஞ்சம் பெருமை. அவர் அதை இந்தியில் எழுதவைத்துக் கேட்டில் ஒட்டினார். ஜேசிபி ஓட்டும் மங்ரா அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட, தொழிலாளர்கள் கூடி நின்று கேட்டார்கள். இரண்டாவது சரிவில் குதித்துத் தப்பியவர் இந்த மங்ராதான். சூசையோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர்.

செவ்வாய்க்கிழமை காலை குவாரிக்குள் போகாமல் தோட்டத்து வழியாகவே ஏறிப் பார்த்தேன், ஐந்து கண்ணாடியும் முழுசாக இருந்தன. நிம்மதியாக இருந்தது. மாற்று வழி ஏதாவது உண்டா என்று யோசிக்க, பழைய வரைபடங்கள் தேடிப் போர்ட் பிளேர் போனேன். பாறையை மேலிருந்து கீழாக, படிப்படியாக வெட்டி இறக்கினால் சூசையிடம் போய்விடலாம். ஆனால் தோட்டத்துக்கு இயந்திரம் ஏற ஒரு பாதை போட வேண்டும். பாதைக்கு ஒரு மாதம், இறக்க இரண்டு மூன்று மாதம். மே மாதம் பிறந்துவிட்டது, இங்கே மழை நடு மேயிலேயே வந்துவிடும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நாள் போதவில்லை.

திரும்பும்போது சிப்பிகாட்டில் பஸ் நின்றுவிட்டது. கடல் பொங்கி ரோட்டின்மேல் நின்றது. வற்றினால்தான் வண்டி போகும் என்று ஓட்டுநர் இறங்கிப்போய் வெற்றிலை போட ஆரம்பித்தார். எங்கள் ஊரில் பஸ் அரை மணி நின்றால் கண்டக்டரின் பரம்பரையையே இழுத்துவிடுவார்கள். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த வங்காளி அம்மாள் ஜன்னல் வழியே தண்ணீரைக் காட்டி இந்தியில் சொன்னார்: "இதெல்லாம் எங்கள் நெல் வயல். சுனாமி வருஷம் நிலநடுக்கத்தில் பூமி கீழே இறங்கிவிட்டது. வயல் அங்கேதான் இருக்கிறது, அடியில்." வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குவாரிக்குப் போக முடியவில்லை.

புதன்கிழமை காலை மேலே ஏறியபோது மூன்று கண்ணாடிகள் உடைந்திருந்தன.

நாடாவைப் பிடித்தேன். வெடிப்பு ஒரு பென்சில் கனம் விரிந்திருந்தது. நம்பாமல் மறுபடி அளந்தேன். மழை ஒரு சொட்டு இல்லை, நில அதிர்வு இல்லை, இயந்திரம் எதுவும் ஓடவில்லை. ஒரே நாளில் இத்தனை விரிய ஒரு காரணமும் இல்லை. கீழே வந்து, திங்கட்கிழமை போனில் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு குவியலை ஒப்பிட்டுப் பார்த்தேன். படத்தில் பள்ளத்தின் உட்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய கல் குவியலுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. எதிரே அந்தக் கல்லைக் காணோம். பள்ளம் ஓர் அறை அளவுக்கு உள்ளே போயிருந்தது. கேட்டிலிருந்து வரும் பாதையோரம், நேர்த்தியாக, இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்சுவர் முளைத்திருந்தது.

"யார் தோண்டியது?" என்று கத்தினேன். செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார். மங்ராதான் முன்னால் வந்தார்.

"மெஷின் வைக்கக் கூடாது என்று எழுதினீர்கள். நாங்கள் மெஷினைத் தொடவில்லை," என்றார் இந்தியில். "கையால்தான் எடுத்தோம்."

"எத்தனை பேர்?"

"திங்கள் சாயங்காலம் இருநூறு பேர் இருப்பார்கள். நேற்று இன்னும் அதிகம். ஆளுக்கு ஒரு கல். பெரியதை இருவர் சேர்ந்து புரட்டினோம், அப்படியும் நகராததை மட்டும் உடைத்தோம்."

அந்த முட்டுக்கல்லைத்தான் உடைத்திருக்கிறார்கள். எடுத்த கற்களின் எடை பெரிதல்ல, எடுத்த இடம்தான் பெரிது. ஐந்து மாடி உயரப் பாறை ஊன்றி நின்ற காலடி அது. காலடியில் கை வைக்காதே என்பது நான் இத்தனை வருடம் வகுப்பில் மாணவர்களிடம் முதல் நாளே சொல்கிற பாடம். அதை இந்தத் தாளில் எழுத எனக்குத் தோன்றவில்லை. இறந்தவரைத் தேடி இத்தனை பேர் வெறுங்கையோடு வருவார்கள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்த மனிதர்கள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. என்மேல்தான் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அன்று மதியம் மங்ராவின் வீட்டு வாசலில் சோறும் பருப்பும் சுட்ட மீனும் கொடுத்தார்கள். பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் அன்றே வேறு இடத்துக்குப் போகச் சொல்லியிருந்தேன். ஒருபக்கம் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே இன்னொருபக்கம் எனக்குச் சோறு போட்டார்கள். சாப்பிடாமல் எழுந்தால் தப்பாக நினைப்பார்களே என்று சாப்பிட்டேன்.

நாலு மணிக்குக் கல் எடுக்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். வண்டூர் பஸ்ஸிலிருந்து மீன்காரர்கள், புரோத்ராபூரிலிருந்து ஆபீஸ் முடிந்த கிளார்க்குகள், வங்காளிகள், தெலுங்கர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இருவர். கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். முன்னால் பிலோமினா. சரிவைச் சுற்றிக் காலையில் கட்டவைத்த கயிற்றுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன்.

"இன்னைக்கு வேண்டாம். யாரும் உள்ளே போகக் கூடாது."

"நாங்க மெஷினு கொண்டாரலக்கா," என்றார் பிலோமினா. "கல்லறைல எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி மண்ணு போடுவாவல்லா? இங்க ஆளுக்கு ஒரு கல்லு எடுக்கோம். எடுத்துக்கிட்டே போனா கடைசில அவுக தெரிவாவ."

என் அரைகுறை இந்தியிலும் தமிழிலும் சொன்னேன், செல்வராஜ் கூடவே மொழிபெயர்த்தார். ரேஷன் கடையில் அரிசி மூட்டை அடுக்கில் கீழ் மூட்டையை உருவினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மேலே வெடிப்பு இருப்பதைச் சொன்னேன். உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கைக்குட்டையில் கொண்டுவந்திருந்தேன், பிரித்துக் காட்டினேன். பிலோமினா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப அவுகள எடுக்க முடியாதா?"

"மேலேருந்து இறக்கி எடுக்க நாலு மாசம் ஆகும். அதுக்குள்ள மழை வந்துரும். மழையில இந்தப் பாறை நிக்காது. விழுந்தா அடியில நிக்கிற யாரும் மிஞ்ச மாட்டாங்க."

"வேற என்ன செய்யணும்ங்கிய?"

"எடுத்த கல்லையெல்லாம் திரும்பப் போடணும். அது போதாது. பெரிய பெரிய கல்லா கொண்டுவந்து இன்னும் மேல மேல அடுக்கிக் காலுக்கு முட்டுக் கொடுக்கணும். நாளைக்குக் காலையிலேயே."

"அவுக மேலயா?"

"ஆமா."

நான்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லப் போவதில்லை. பிலோமினா கண்ணாடித் துண்டைக் கைக்குட்டையிலேயே திருப்பி வைத்தார். அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். வரிசையும் கலைந்து அவர் பின்னால் போனது. செல்வராஜ் கல்சுவரின்மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர்மேல் நான் வைத்திருந்த கோபம் போய்விடவில்லை. ஆனாலும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் மேலே போய்ப் பார்த்தேன். மீதி இரண்டு கண்ணாடிகளும் உடைந்திருந்தன. மேற்கே மேகம் திரண்டிருந்தது. கீழே பாறாங்கற்களை ஏற்றிய மூன்று டிப்பர்கள் வந்து நின்றன. குவியலின் தூரத்து ஓரத்தில் கல்லைக் கொட்டி, கொட்டிய கல்லின்மேலேயே ஜேசிபி ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டை நோக்கி முன்னேற வேண்டும். அந்த ஓரம் பாறை உருண்டாலும் எட்டாத தொலைவு. மேலே வெடிப்பைப் பார்த்துக்கொண்டு ஒருவர் விசிலோடு நிற்பார். ஊதினால் எல்லோரும் ஓடிவந்துவிட வேண்டும். எல்லாம் சொல்லியாகிவிட்டது. மங்ரா மட்டும் வண்டியில் ஏறவில்லை.

"என்னால் முடியாது மேடம்," என்றார். "பன்னிரண்டு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். அவன்மேல் நான் கல்லைக் கொட்டமாட்டேன். வேறு ஆளைப் பாருங்கள்."

டிப்பர்காரர்களும் சாவியை எடுத்துவிட்டு இறங்கி நின்றார்கள். செல்வராஜ் தானே ஓட்டுவதாகச் சொல்லி ஜேசிபியில் ஏறினார். நெம்புகோலைப் பிடித்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார், கை நகரவில்லை. மேலேயிருந்து தேங்காய் அளவு கல் ஒன்று பெயர்ந்து தட்டித் தட்டி உருண்டு வந்து விழுந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். யாருக்கும் தெரியாத விஷயமில்லை அது.

அப்போது வண்டூரிலிருந்து முதல் பஸ் வந்தது. பிலோமினா இறங்கினார், பின்னால் பஸ் நிறையக் கூட்டம். நின்ற டிப்பர்களைப் பார்த்தார், கீழே நின்ற டிரைவர்களைப் பார்த்தார். நேரே என்னிடம் வந்தார்.

"எந்த எடத்துல வைக்கணும்க்கா?"

தூரத்து ஓரத்துக்குக் கூட்டிப்போய் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுக் காட்டினேன். "இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. இது வரைக்கும்தான்."

"இங்கேருந்து அவுக எவ்வளவு தூரத்துல இருக்காவ?"

அவர் துளை போட்ட இடத்தை மங்ராவிடம் கேட்டு வரைபடத்தில் குறித்து வைத்திருந்தேன். "அறுபது அடி," என்றேன். "இந்தப் பக்கமா."

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பாதையோரக் கல்சுவருக்குப் போய், இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தார். கோட்டருகே செருப்பைக் கழற்றினார். கல்லைத் தொப்பென்று போடாமல், குனிந்து, மெதுவாக, ஆட்டம் இல்லாமல் உட்காரவைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்து மங்ரா ஒரு கல் எடுத்தார். அவர் பின்னால் டிப்பர்காரர்கள். பிறகு பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும், அடுத்தடுத்த பஸ்களில் வந்து சேர்ந்தவர்களும். ஆளுக்கு ஒரு கல். நான் மேலே நிற்பவரையும் கீழே நடப்பவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் ஊதவில்லை. கடைசியில் செல்வராஜ் ஜேசிபியிலிருந்து இறங்கி வந்தார். அவர் வந்ததும் வரிசை ஒரு நிமிஷம் நின்றது. பிலோமினா விலகி வழி விட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் ஒன்று வைத்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நானும் ஒரு கல்லை எடுத்து வைத்தேன்.

அதன்பிறகு மங்ரா யாரும் சொல்லாமலே போய் ஜேசிபியில் ஏறினார். முதல் டிப்பர் பின்பக்கமாக நகர்ந்து வந்து, சத்தம் பெரிதாக வராதபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டியது.

பிலோமினா செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். டிப்பர் கொட்டுவதையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"குவாரிக் கல்லுல்லா. நாளைக்கு ரோட்டுக்கு வேணும், வீட்டுக்கு வேணும்னு இத யாரும் எடுக்க மாட்டாவல்லா?"

"எடுக்கக் கூடாதுன்னு எழுதுறேன்," என்றேன். "இந்தக் குவாரியே இனி வேண்டாம்னு எழுதுறேன்." செல்வராஜ் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"பதினோரு மணிக்குக் கப்பல் வந்துரும்," என்றார் பிலோமினா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளங்கையில் கல் கீறியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்னு நெனச்சுக்கிட்டு எறங்குவா. பொய் சொல்லிட்டேன்னு சொல்லணும். சொல்லி நேரா இங்க கூட்டியாரேன். அக்கா, அவளுக்கு ஒரு கல்லு மிச்சம் வச்சிருங்க."

பஸ் ஏறிப் போய்விட்டார். நான் கல்சுவருக்குப் போனேன். தூக்கக் கூடிய கற்களையெல்லாம் வந்தவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். மிஞ்சியவை இரண்டு ஆள் சேர்ந்து புரட்ட வேண்டியவை. டிப்பர் ஒன்று அவற்றை அள்ளிப் போக வந்து நின்றது. டிரைவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, மூன்று நாள் கடலில் வந்த பெண் தூக்கும்படியாக ஒன்று கிடைக்குமா என்று மண்ணில் முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடினேன்.